வரிசையில் நின்ற நான்கு போல்ட்டுகள்

அவரை மில்லி என்றுதான் கூப்பிடுவோம். பெயரைக் கேட்டதும் பாட்டில் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் குடித்ததெல்லாம் டீதான். இரும்புத் தகட்டை அடித்து உருப்படி எடுக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம், மிஷின்களைக் கழற்றி மாட்டும் ஃபிட்டராக இருந்தார். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் பதில் வரும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவன், "கேன்டீன் எவ்வளவு தூரம்ணே?" என்று கேட்டதற்கு, "நாப்பதாயிரம் மில்லி, இடது கைப் பக்கம்" என்று சொன்ன மனிதர். அன்றைக்கு விழுந்த பெயர்.

இப்போது அவர் பொம்மைகளுக்கு நிலம் செய்கிறார்.

சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தேன். மேஜை மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் உயரத்தில் வீரர்கள், பூதங்கள், எந்திர மனிதர்கள். வளர்ந்த ஆட்கள், வேலைக்குப் போகிற ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையில் கூடி உட்கார்ந்து டேப் வைத்து அளந்து நகர்த்தி ஆடுகிறார்கள். ஒவ்வொரு பொம்மையும் ஒரு வட்டத் தட்டின் மேல் நிற்கும். அதற்கு பேஸ் என்று பெயர். சாதாரண வீரனுக்கு முப்பத்திரண்டு மில்லி. தலைவனுக்கு அறுபது. அந்த வட்டத்துக்குள் பாலைவனம் வேண்டும் என்பார்கள், சதுப்பு நிலம் வேண்டும் என்பார்கள், பனி வேண்டும் என்பார்கள். மில்லி செய்து கொடுப்பார்.

கார்க்கை உடைத்துப் பாறை ஆக்குவார். குடித்து மிஞ்சிய டீத்தூளைக் காயவைத்து, காட்டில் உதிர்ந்த இலைக்குப்பை ஆக்குவார். முட்டை ஓடு, உடைந்த ஓட்டுக்கூரை ஆகும். இரும்பு நாரை வினிகரில் ஊறப்போட்டால் நிஜத் துருவே கிடைக்கும். மணலை மூன்று சல்லடையில் சலித்து மூன்று டப்பாவில் வைத்திருப்பார். கடைசியில் தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, அதைத் துணியில் துடைத்துவிட்டு, காய்ந்த தூரிகையால் மேலாக ஒரு தடவு. மேடெல்லாம் வெளுக்கும், பள்ளம் இருட்டாகவே நிற்கும். அவ்வளவுதான், உயிர் வந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பொம்மையோட காலைக் காட்டும்மா."

கால் எங்கே ஊன்றும் என்று தெரியாமல் நிலம் செய்யக் கூடாது என்பது அவர் சட்டம். தட்டில் பென்சிலால் இரண்டு பாதம் வரைந்துகொண்டுதான் மற்றதில் கை வைப்பார். கடை நடத்தும் பெண் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். "அங்கிள் வந்தா எல்லாரும் செருப்பைக் கழட்டி நில்லுங்கடா, அளவெடுப்பாரு" என்று பொம்மைகளிடமே சொல்லும்.

வீடு இரண்டு அறை. முன்னறையில் தையல் மிஷின், அது அவர் மனைவியுடையது. தையல்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கிழிந்த ஜிப், நீளமான பேன்ட், இடுப்பு பெருத்தவர்களின் பழைய சட்டை, எல்லாம் அங்கேதான் வரும். பின்னறை ஜன்னலோரம் மில்லியின் மேஜை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு பூதக்கண்ணாடி. ஊசிக் காதுக்கு அந்தம்மாவுக்கு, தூரிகை நுனிக்கு இவருக்கு. "கண்ணாடி" என்று இங்கிருந்து ஒரு குரல், "இந்தாங்க" என்று அங்கிருந்து ஒரு கை. நாலு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

நாலு வருஷக் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

தையல்காரம்மாவுக்கு ஒரு தம்பி. மில்லிக்கு மச்சான். எங்கள் பிரஸ் ஷாப்பிலேயே ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். விசில் என்று கூப்பிடுவோம். மிஷின் சத்தத்தையும் மீறி அடிப்பான். இருபத்தொன்பது வயதில் அந்த பிரஸ் அவனை எடுத்துக்கொண்டது. பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். ஆளின் கை உள்ளே போகாமல் காக்கிற வலை. அன்றைக்கு அது இல்லை. விசாரணை நடந்தது. அறிக்கை வந்தது. 'தொழிலாளி தடுப்பைத் தானே கழற்றிவிட்டு வேலை செய்துள்ளார். விபத்து அவரது கவனக்குறைவால் ஏற்பட்டது.' சாட்சி என்ற இடத்தில் மில்லியின் கையெழுத்து.

தையல்காரம்மா அறிக்கையை நம்பினார். நம்பக் காரணம் இருந்தது. விசில் அப்படிப்பட்ட ஆள்தான். காற்று பத்தவில்லை என்று வீட்டு மேஜை ஃபேனின் கூண்டைக் கழற்றித் தூர வைத்தவன். கழற்றிய திருகாணி ஒன்று தரையில் உருண்டு கிடந்து, அக்கா காலில் ஏறி, அவர் ஒரு வாரம் நொண்டினார். அதனால் அவன் போன பிறகும் அந்தம்மா அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். அழவில்லை. திட்டினார். படத்தைத் துணி பீரோ அடித்தட்டில் போட்டு மூடிவிட்டார்.

"ஃபேன் கூண்டைக் கழட்டுனப்பவே நாலு அறை விட்டிருக்கணும். விட்டிருந்தா இருந்திருப்பான். விளையாட்டுப் பய. சாகறதுலயும் விளையாட்டு."

மிஷினை மிதித்தபடியே சொல்வார். பின்னறையில் மில்லி மணலைச் சலித்தபடியே கேட்பார். வாயைத் திறக்க மாட்டார்.

ஏனென்றால் தடுப்பைக் கழற்றியது விசில் இல்லை. மில்லி.

காலையில் ஃபோர்மேன் வந்து, "கழட்டிடு, ஆர்டர் நிக்குது" என்றான். தடுப்பு இல்லாவிட்டால் மணிக்குப் பன்னிரண்டு உருப்படி கூடுதலாக அடிக்கலாம். பன்னிரண்டு. ஒரு மனிதனுடைய விலை அந்த ஷாப்பில் அதுதான் என்று பிறகு நான் ஒரு துண்டறிக்கையில்கூட எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். மில்லி ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். இரண்டு மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டது, விசில் நின்றது.

அன்று மத்தியானம் சங்க அறையில் என் முன்னால் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார். நான் சங்கச் செயலாளர். ஃபோர்மேன் ஏற்கெனவே என்னிடம் பேசியிருந்தான்: நிர்வாகம் கழற்றச் சொன்னது என்று வெளியே வந்தால் ஷாப்பையே பூட்டுவார்கள், இருநூறு பேர் தெருவில் நிற்பார்கள், கழற்றிய ஃபிட்டர் உள்ளே போவான். ஃபோர்மேன் எழுதித் தந்திருந்த சாட்சித் தாளை நான் மில்லி பக்கம் நகர்த்தி, "போனவன் வரமாட்டான். இருக்கறவங்களைப் பாருங்க" என்றேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் ஷாப்பை எப்படியும் பூட்டினார்கள். வேறு காரணம் சொன்னார்கள். அது தனிக் கதை.

இனி இந்தக் கதைக்கு வருகிறேன். வீட்டுக்குள் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

கடைப்பெண் ஒரு புது வேலை கொண்டுவந்தது. போட்டிக்குப் போகிற ஒரு குழு. பதினொரு வீரர்கள், ஒரு தலைவன். எல்லாம் ஒரே கருப்பொருள்: இடிந்த தொழிற்சாலை. இணையத்திலிருந்து படம் எடுத்து வந்திருந்தது. மில்லி பார்த்தார்.

"இது ஃபேக்டரி இல்லம்மா. சினிமா செட்டு. இந்தப் பைப்பு எங்கேருந்து வந்து எங்க போகுது? இந்த மிஷினுக்கு மோட்டாரே காணோம். காத்துலயா ஓடுது?"

"கற்பனை அங்கிள்."

"கற்பனைக்கும் மோட்டார் வேணும்."

"அப்ப நீங்களே நெஜமா பண்ணிக் குடுங்க. எனக்கு யோசிக்கிற வேலை மிச்சம்."

பதினொன்றையும் பத்து நாளில் முடித்தார். உடைந்த தரை, எண்ணெய்க் கறை, பல்சக்கரத் துண்டு, தொங்கும் வயர். ஒவ்வொன்றிலும் இரண்டு பாதத்துக்கு இடம். நல்ல வேலை. பிறகு அறுபது மில்லி பேஸை எடுத்தார்.

அதற்கு ஒன்பது நாள் ஆனது. என்ன நினைத்துக்கொண்டு செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கல செயலாளரே. கை பாட்டுக்குப் போச்சு" என்றார். சங்கம் போய், பதவி போய், இன்னும் அவருக்கு நான் செயலாளர்தான். "உள்ள மரத்துப் போன மாதிரிதான் இருந்துச்சு. எப்பவும் அப்படித்தான் இருக்கு. அது ஒண்ணும் புதுசு இல்ல."

கை போன இடம் ஏழாம் நம்பர் பிரஸ். பிரஸ்ஸின் அடிப்பாகம், அதன் மேல் இப்போதுதான் துடைத்த மாதிரி ஏழு என்று நம்பர் தகடு. முன்னால் உருப்படி விழும் தட்டு. கீழே எண்ணெய் ஒழுகாமல் இருக்க நாங்கள் போடும் சாக்குத்துணி. பின்னால் பாதிச் சுவர், சுவரில் ஜன்னல் விளிம்பு. டீ வடிகட்டியின் வலையை வெட்டி, கம்பித் தடுப்பு செய்து சுவரில் சாய்த்திருந்தார். ஜன்னல் விளிம்பில் செம்புக் கம்பித் துண்டுகளால் நான்கு போல்ட்டுகள்.

அதைக் கடைக்கு எடுத்துப் போனார். கடைப்பெண் அதைக் கையில் வாங்கியது. கண்ணருகே பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அங்கிள்... கும்பிடலாம் போல இருக்கு. இந்த ஜென்மத்துல நான் இப்படி ஒண்ணு பாத்ததில்ல." பிறகு பெட்டியிலிருந்து தலைவனை எடுத்தது. அங்கி, வாள், அகலமாக விரித்து வைத்த இரண்டு கால். பேஸின் மேல் வைத்தது. தலைவன் சாய்ந்தான். திருப்பி வைத்தது. விழுந்தான். "இவரு எங்க நிப்பாரு?"

மில்லி பார்த்தார். நிற்க இடமே இல்லை. பிரஸ், தட்டு, சாக்கு, சுவர், தடுப்பு. ஒரு மில்லி வெற்றுத் தரை கிடையாது. நூற்றுக்கணக்கில் செய்தவர், முதல் முறையாகப் பொம்மையின் காலைக் கேட்கவே இல்லை. பென்சிலால் பாதம் வரையவும் இல்லை.

"பிரஸ் மேல ஏத்தி விட்டுரலாமா அங்கிள்? கெத்தா இருக்கும்."

"பிரஸ் மேல யாரும் ஏறக் கூடாது."

"இது இடிஞ்ச பிரஸ்தானே?"

"இடிஞ்சாலும்."

கடைப்பெண் அவர் முகத்தைப் பார்த்தது. "எதையாவது ஒண்ணை எடுத்துட்டுக் கால் வைக்க இடம் விட்டுக் குடுங்க, போதும். ரெண்டு நாள் இருக்கு" என்று பஞ்சு சுற்றிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிளேடைக் கையில் எடுத்தார், வைத்தார். எதை வெட்டுவது? தட்டை எடுத்தால் உருப்படி எங்கே விழும்? சாக்கை எடுத்தால் எண்ணெய் எங்கே போகும்? அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பேஸை எடுத்துப் போய்த் தையல் மிஷின் மேல் வைத்தார்.

"எங்க வெட்டலாம்னு நீ பாத்துச் சொல்லு. என் கண்ணுக்கு எல்லாமே வேணும்னுதான் தோணுது."

தெரிந்தேதான் கொண்டுபோய் வைத்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். தெரியாது என்றார். நம்புகிறேன்.

துணியில் எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று பார்த்துப் பழகிய கண். தையல்காரம்மா பூதக்கண்ணாடியை வைத்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். மத்தியான வெயில் நேராக விழுந்தது.

"இது உங்க ஷாப்பா?"

"ம்."

"அவன் மிஷினா?"

"ம்."

"இது என்ன, சுவத்துல சாஞ்சு கெடக்கு?"

"தடுப்பு. கழட்டி வச்சது."

"ஜன்னல்ல என்னது, நாலு முள்ளு மாதிரி?"

"போல்ட்டு."

கண்ணாடி அங்கேயே நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மில்லி எதைக் கழற்றினாலும் ஒரு முறை உண்டு. வீட்டுக் குழாயாக இருக்கட்டும், தையல் மிஷின் மூடியாக இருக்கட்டும். கழற்றிய போல்ட்டுகளைப் பக்கத்தில் இருக்கும் விளிம்பில் வரிசையாக நிறுத்துவார். தலை கீழே, மரை மேலே. பெரியது இடது பக்கம், சிறியது வலது பக்கம். ஒருமுறை அந்தம்மா தூசி துடைக்கிறேன் என்று வரிசையைக் கலைத்துவிட, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். ஷாப்பில் வேறு யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். பாதிப் பேர் சட்டைப் பையில் போடுவார்கள், மீதிப் பேர் தொலைப்பார்கள். அந்த வரிசையைப் பார்த்தால் மில்லி வந்துபோனார் என்று அர்த்தம்.

"பெருசு ரெண்டு இடது பக்கம்" என்றார் தையல்காரம்மா. "சின்னது ரெண்டு வலது பக்கம். தலை கீழ."

கண்ணாடி சுவரில் சாய்ந்த தடுப்புக்கு நகர்ந்தது.

"அவன் கழட்டியிருந்தா ஒண்ணு தரையில உருண்டிருக்கும். ஒண்ணு காணாமப் போயிருக்கும்."

அந்தம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இது நீங்க கழட்டுனது."

"ஆமா."

அந்தம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். மிஷினில் பாதி தைத்த பேன்ட் இருந்தது. இரண்டு காலையும் மடித்து அடித்து முடித்தார். நூலை அறுத்தார். மடித்து வைத்தார். பிறகுதான் அடுத்த கேள்வி.

"யார் கழட்டச் சொன்னா?"

"ஃபோர்மேன்."

"கையெழுத்து யார் போடச் சொன்னா?"

"ஃபோர்மேன். செயலாளரும் சொன்னாரு."

"நாலு வருஷமா நான் அவனைத் திட்டிட்டிருக்கேன். நீங்க உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு நாள்கூட 'போதும், விடு'ன்னு சொல்லல."

"சொன்னா ஏன்னு கேப்பே."

அவ்வளவுதான். சத்தம் இல்லை, பாத்திரம் பறக்கவில்லை. பீரோ அடித்தட்டைத் திறந்து படத்தை எடுத்து, மிஷினுக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டினார். அந்த ஆணியில் தொங்கிய அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தையல்காரம்மா. பின்னால் மில்லி, கையில் பஞ்சு சுற்றிய டப்பா.

"அண்ணே, தாள் இருக்கா?"

"என்ன தாள்மா?"

"அன்னைக்கு இவருக்கு ஒண்ணு குடுத்தீங்களே, கையெழுத்துப் போட. அதே மாதிரி இன்னொண்ணு."

முப்பது வருஷம் துண்டறிக்கை எழுதியவன் நான். ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதுவேன், தலைப்பு முதலிலேயே வந்துவிடும். அன்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். 'இதனால் தெரிவிப்பது யாதெனில்' என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் வேணாம்ணே" என்றார் அந்தம்மா. "தடுப்பை நான் கழற்றினேன். அவன் கழற்றவில்லை. அப்படி எழுதுங்க."

அப்படியே எழுதினேன். கீழே, ஃபோர்மேன் சொன்னது, மணி என்ன, போல்ட்டு எத்தனை, எந்த விளிம்பில் நின்றது என்று மில்லி சொல்லச் சொல்ல எழுதினேன். விளிம்பின் அகலத்தையும் சொன்னார். எண்பது மில்லி. அதையும் எழுதினேன். பிறகு இன்னொரு தாள் எடுத்து, அன்று சங்க அறையில் நான் சொன்னதை எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. யாரும் நன்றி சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

"இதைக் குடுத்தா கேஸ் உங்க மேலயும் வரும்" என்றேன் மில்லியிடம்.

"வரட்டும்."

"உள்ளகூடப் போக வேண்டி வரலாம்."

"அவருக்குத் தெரியும்ணே" என்றார் தையல்காரம்மா. "எனக்கும் தெரியும்."

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் இரண்டாவது மாடி. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இரண்டு தாளையும் படித்தார். முடிந்துபோன கோப்பு, நாலு வருஷமாயிற்று, புதிதாக ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அந்தம்மா டப்பாவைத் திறந்து பேஸை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"என்னம்மா இது, பொம்மையா?"

"பொம்மை இல்லீங்க. பொம்மை நிக்க இதுல இடம் கிடையாது."

அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். இதையெல்லாம் ஆதாரமாக எடுக்க முடியாது, தாள் போதும் என்றார். முத்திரை குத்தி நகல் கொடுத்தார். அந்தம்மா பேஸை மறுபடி பஞ்சில் சுற்றினார்.

கடைக்கு மில்லி வேறு ஒன்று செய்து கொடுத்தார். காலைக் கேட்டு, பாதம் வரைந்து, முறைப்படி. தலைவன் உடைந்த தூண் ஒன்றின் பக்கத்தில் வசதியாக நிற்கிறான். குழு போட்டியில் நாலாவது வந்ததாம். கடைப்பெண் இனிப்பு கொடுத்து அனுப்பியது. பழைய பேஸ் எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் ஒருவருக்கு வேண்டியிருந்தது என்று சொல்லிவிட்டார். அது தையல் மிஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவே இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கோப்பு மறுபடி திறக்கப்படுகிறது, ஃபோர்மேனும் ஃபிட்டரும் செயலாளரும் நேரில் வர வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே மாதிரிக் காகிதம்.

இந்த ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் திட்டு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு பேச்சு எதுவும் வரவில்லை. முன்பெல்லாம் அந்தம்மா மில்லியை "ஏங்க" என்று கூப்பிடுவார். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணாடி வேண்டுமானால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். மன்னித்துவிட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

விசாரணை நாள் காலையில் மில்லியைக் கூட்டிப்போக நான் அங்கே போனேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறது என்றேன். "ஒண்ணும் தெரியல செயலாளரே" என்றார். தையல்காரம்மா மிஷினிலிருந்து எழுந்து வந்து, சட்டையின் இரண்டாவது பட்டன் தளர்ந்திருப்பதைப் பார்த்து, சட்டையை அவர் போட்டிருந்தபடியே நாலு குத்துக் குத்தி இறுக்கினார். நூலைப் பல்லால் கடித்தார்.

"அங்க போய் பாதி சொல்லிட்டு வராதீங்க" என்றார் பட்டனைப் பார்த்துக்கொண்டே. "முழுசாச் சொல்லுங்க. போல்ட்டு வரைக்கும்."

"சரி."

"இருங்க. நானும் வரேன்."

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.